வந்து உட்காருங்கள்

எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை ஆகாது. தலைப்பிள்ளை பிறந்ததும் அவன் இன்னாரின் அப்பா ஆகிவிடுவான். என் மாணவி லொம்பேயின் அப்பாவை எல்லோரும் பாஷி கசோண்டே என்பார்கள், அதாவது கசோண்டேயின் அப்பா. அந்தக் கசோண்டே உருக்காலையில் வெந்து செத்த பிறகும் கடைக்காரன், பஸ் கண்டக்டர், பாதிரியார், குழாயடியில் நிற்கும் பெண்கள் எல்லோரும் அதே பெயரை அவர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒவ்வொரு தடவையும் அவர் "ம்" என்பார்.

என் பெயர் புப்பே. எங்கள் செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் சீன மொழி நிலையத்தில் பாடம் சொல்லித்தருகிறேன். கட்டடம் சீனர்கள் கட்டிக்கொடுத்தது. வாசலில் இரண்டு கல் சிங்கங்கள் உண்டு, எங்கள் பிள்ளைகள் அவற்றின் வாயில் சூயிங்கம் ஒட்டிவைப்பார்கள். நானும் அங்கே படித்து, அவர்கள் செலவில் வூஹானில் நான்கு வருடம் இருந்து வந்தவள்தான். அவர்கள் உப்பைத் தின்றவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வராது. தின்றேன். நன்றாகவே இருந்தது.

எங்களிடம் வருகிற பிள்ளைகளுக்குச் சீனப் பண்பாட்டின் மேல் காதல் என்று நிலையத்தின் சுவரொட்டியில் போட்டிருக்கும். காதலாவது கத்தரிக்காயாவது. சீன மொழி வந்தால் சீனர்கள் நடத்தும் உருக்காலையில் மொழிபெயர்ப்பாளர் வேலை, அல்லது சீனாவில் படிப்பு. இரண்டும் இல்லையென்றால் சந்தையில் பழைய துணி விற்க வேண்டியதுதான். பிள்ளைகள் விசிறி ஆட்டம் ஆடுவதும், தூரிகை பிடித்து எழுதுவதும், வராத தும்மல் போலச் சீனப் பாட்டை இழுத்துப் பாடுவதும் அதற்காகத்தான். எல்லோருக்கும் இது தெரியும். நிலையத்துக்கு வரும் சீன அதிகாரிகளுக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

லொம்பே மட்டும் கொஞ்சம் வேறு. அவளுக்கு நல்ல காது. ஒரு தடவை கேட்டால் போதும், ஏற்ற இறக்கம் பிசகாமல் அப்படியே திருப்பிச் சொல்வாள். அந்தக் காது அப்பாவிடமிருந்து வந்தது என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கசோண்டே அவளுக்கு அண்ணன். உலைக்கு முன்னால் நின்று கசடு வழிக்கும் வேலை. ஒரு நாள் காலை கொதிக்கும் கசடு ஈரத்தில் விழுந்து வெடித்தது. பெட்டியை ஆணி அடித்தே கொடுத்தார்கள், திறந்து பார்க்க விடவில்லை. அவன் எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரன் கொண்டுவந்த ஆள் என்றது உருக்காலை. ஒப்பந்தக்காரனோ கடையைப் பூட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். துக்கத்துக்கு உருக்காலையிலிருந்து ஒரு ஈ காக்கை வரவில்லை.

மற்ற வீடாக இருந்தால் அழுது, புதைத்து, திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். பாஷி கசோண்டே அப்படிப்பட்ட ஆளில்லை. அவர் பழைய சுரங்கத்தில் நிலத்தடியில் ரயில் ஓட்டியவர். சாவு விழுந்த வீட்டில் மேசை நாற்காலி கட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டுத் தரையில் உட்காருவோம், ஆண்கள் முற்றத்தில் தீ மூட்டி அதைச் சுற்றி இருப்பார்கள், புதைத்த பிறகு தீயை அணைத்துச் சாமான்களை உள்ளே கொண்டுபோவோம். அவர் தீயை அணைக்கவில்லை, சாமான்களையும் உள்ளே விடவில்லை. சோபா தார்ப்பாய்க்கு அடியில் மழையில் ஊறியது. கட்டில் காலைக் கறையான் அரித்தது. லொம்பே பாயில் படுத்துப் படித்தாள்.

குலத்துப் பெரியவர்கள் வந்து எவ்வளவோ சொன்னார்கள். பக்கத்து வீட்டு பானா மும்பா, அதாவது மும்பாவின் அம்மா, தினமும் சொல்லுவாள்.

"பாஷி கசோண்டே, போதும் விடுங்க. உங்க தீயில என் துணியெல்லாம் புகை நாத்தம் அடிக்குது. எங்க வீட்டுக்காரர் நான் கள்ளத்தனமா கருவாடு சுடறேன்னு சண்டைக்கு வர்றாரு."

"அவர் வந்து உக்காரட்டும், அணைச்சிடறேன்."

"எவர்?"

"என் புள்ளையை வேலைக்கு வச்சிருந்தவர்."

நான் அந்த வீட்டுக்குப் போனது லொம்பே வகுப்புக்கு வராமல் நின்றபோது. அவர் தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் வாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார்.

"அந்தக் காலத்துல சுரங்கத்துல ஒருத்தன் செத்தா மேனேஜரே வருவான் டீச்சர். வெள்ளைக்காரன்கூட வந்தான். கால மடக்கத் தெரியாம ஒரு பக்கமா சாஞ்சு, பேன்ட்டெல்லாம் மண்ணாக்கிக்கிட்டு உக்காந்தான். ஆனா உக்காந்தான். ஒரு வாய் சாப்பிட்டான். அவன் உக்காந்தாத்தான் நம்ம ஆளு அங்க வேலை பார்த்தான்னு அர்த்தம். இவங்க வரவே இல்லையே. அப்போ என் புள்ளை எங்க செத்தான்? ஆகாசத்துலயா?"

"நஷ்ட ஈடு கேட்டு வக்கீல் மூலமா..."

"நான் காசு கேட்டேனா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "வந்து உக்காரட்டும்னு கேக்கறேன். என் பொண்ணு இத்தனை நாள் அவங்க பாஷையைப் படிச்சாளே, இதை அவங்ககிட்ட அவங்க பாஷையிலயே சொல்லட்டும். சொன்னாள்னா வகுப்புக்கு அனுப்பறேன். இல்லைன்னா அந்தப் பாஷை எதுக்கு?"

லொம்பே சுவரில் சாய்ந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் சரி என்று தலையாட்டினாள். அந்த வருடத்துப் பேச்சுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் பரிசு, சீனாவில் படிப்பு. முழுச் செலவும் உருக்காலையுடையது. பரிசு கொடுக்கப்போகிறவர் உருக்காலையின் பொது மேலாளர் லுவோ. இதைவிடப் பொருத்தமான மேடை கிடைக்காது என்று நினைத்தேன். சொல்ல வைக்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று நிமிடப் பேச்சுக்கு ஒரு பக்குவம் உண்டு. முதலில் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும். நடுவில் அழ வைக்க வேண்டும். அந்த அழுகையிலிருந்து சீன மொழி வந்து கைதூக்கிவிட்டது என்று முடிக்க வேண்டும். பேச்சை எழுதுவது ஆசிரியர்கள், மனப்பாடம் செய்வது பிள்ளைகள். நடுவருக்கும் தெரியும், அவரும் தன் நாட்டில் அப்படித்தான் பேசிப் பரிசு வாங்கியிருப்பார். இந்தப் பக்குவத்தில் எனக்கு நல்ல கைராசி. நான் எழுதிக்கொடுத்த பேச்சில் செத்தவர்களை எல்லாம் புதைத்தால் கிட்வே மயானம் போதாது.

லொம்பேயின் பேச்சை மட்டும் நான் எழுதவில்லை. அவளே எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு நிலையத்தின் இயக்குநர் மெங்கிடம் போனேன். மெங் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஐம்பது வயதுப் பெண்மணி, எப்போதும் கையில் வெந்நீர்க் குடுவை. எங்கள் மாமிசக் குழம்பைச் சாப்பிட்டு வயிறு கெட்டாலும் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள். கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். சண்டைக்குத் தயாராக, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

மெங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ரொம்ப உருக்கமா இருக்கு புப்பே. இந்த வருஷம் உங்க பேச்சுதான் ஜெயிக்கும்."

"எதையும் எடுக்க வேண்டாமா?"

"எதுக்கு எடுக்கணும்? கடைசியில மட்டும் கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் தெரிந்துதான் விடுகிறாள், பெரிய மனசு, நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்று வழியெல்லாம் அவளை மனதுக்குள் தூக்கிவைத்து ஆடினேன்.

போட்டியன்று பாஷி கசோண்டே கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். முன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மேடையில் சிவப்பு விளக்குகள். லுவோ நடுவில் இருந்தார். குட்டையான மனிதர், வெயிலில் கறுத்த முகம், உலைக்கூடத்திலேயே வயதானவர் என்று பார்த்தாலே தெரியும். லொம்பேக்கு முன்னால் பேசிய நான்கு பிள்ளைகளில் மூன்று பேருக்கு அம்மா செத்துவிட்டாள். ஒருவனின் அம்மா நான்காவது வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துத் தின்றுகொண்டே, தன்னைக் கொன்று புதைத்த மகனுக்குக் கையாட்டினாள். அவன் பேச்சு நான் எழுதியதுதான்.

பிறகு லொம்பே வந்தாள். சீன உடை, சிவப்பு. சிரிக்க வைக்கும் பகுதியே இல்லாமல் ஆரம்பித்தாள்.

"என் அண்ணன் பெயர் கசோண்டே. இந்த ஊர் உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை செய்தான். உலையின் சூட்டில் அவன் புருவம் எப்போதும் பொசுங்கி இருக்கும். நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். ஒரு நாள் காலை போனவன் பெட்டியில் வந்தான். பெட்டியைத் திறக்க விடவில்லை. யாரும் வந்து எங்களோடு உட்காரவில்லை. என் அப்பா இன்னும் தீயை அணைக்காமல் காத்திருக்கிறார். நான் இந்த மொழியைக் கற்றது ஒன்றைச் சொல்வதற்காக. எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வந்து எங்களோடு உட்காருங்கள்."

சீனச் சொற்களின் நடுவே மகன் பெயர் வந்ததும் பாஷி கசோண்டே நிமிர்ந்தார். மற்றது ஒன்றும் அவருக்குப் புரியவில்லை. இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சிந்தாமல் குடித்துவிடுகிறவர் போலக் கேட்டார். கூடத்தில் மூக்கைச் சிந்தும் சத்தம். லுவோ கைக்குட்டையை எடுத்தார். சொல்லிவிட்டாள், கேட்டுவிட்டார்கள், தீர்ந்தது என்று நினைத்தேன்.

நடுவர் ஒலிவாங்கியை எடுத்தார்.

"உச்சரிப்பு மிகவும் சுத்தம். இறங்கி ஏறும் மூன்றாம் தொனி வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வராது, இவளுக்கு இயல்பாக வருகிறது. நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்த இடம் அருமை. இந்தக் கதையை எழுதிக்கொடுத்த ஆசிரியரையும் பாராட்ட வேண்டும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். மெங்கும் தட்டினாள், கண்ணெல்லாம் பூரிப்பு. அவள் என்னிடம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, இதையும் நான் எழுதிய கதை என்றே நினைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாராட்டுக்கு எழுந்து குனிய வேண்டும், நான் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடம் பொய்ச்சாவாக ஊட்டி ஊட்டி அவர்கள் நாக்கைப் பழக்கிவிட்டேன். நிஜச்சாவைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே ருசிதான் தெரியும் போலிருக்கிறது.

"சொல்லிட்டாளா?" என்று கேட்டார் பாஷி கசோண்டே.

"சொல்லிட்டா."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"உச்சரிப்பு நல்லா இருக்காம்."

அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் லுவோ மேடைக்கு ஏறிப் பரிசுப் பட்டயத்தை லொம்பேயின் கையில் கொடுத்து, "என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாய், கட்டாயம் வருகிறேன், எல்லோருமாகச் சாப்பிடலாம்" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் நிலையத்தின் வழக்கப்படி பரிசு வென்ற பிள்ளையின் வீட்டுக்குப் பெரியவர்கள் போய்ப் படம் எடுத்துக்கொள்வது உண்டு, அதைத்தான் சொன்னார். நான் பாஷி கசோண்டேயிடம் அந்த ஒரு வார்த்தையைத்தான் மொழிபெயர்த்தேன்.

"வர்றேன்னு சொல்லியிருக்காரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். இரண்டு வண்டிகள். லுவோ, மெங், படம் எடுக்கிற ஆள், சிவப்புத் துணியில் வாழ்த்து எழுதிய பதாகை, அரிசி மூட்டை, எண்ணெய், பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. நானும் மெங்கின் வண்டியில்தான் போனேன். மெங்கிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் வராமல் போய்விடுவார்கள் என்று பயந்து, லுவோ உட்கார்ந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பாஷி கசோண்டே முற்றத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார். தீ எரிந்தது. அதற்குப் பக்கத்தில் புதுப் பாய், லுவோவுக்கு. தெருவே வந்திருந்தது. ஆண்கள் தீயைச் சுற்றி, பெண்கள் பூப்போட்ட சிட்டெங்கேத் துணியை இடுப்பில் கட்டி, தலையை மூடி, உள்ளே தரையில். வண்டிக் கதவு திறந்ததும் பானா மும்பா ஓலமிட ஆரம்பித்தாள். துக்கத்துக்கு ஆள் வந்தால் அழுது எதிர்கொள்வது எங்கள் முறை. உள்ளேயிருந்த பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

லுவோ ஒரு காலை வண்டியிலும் ஒரு காலை மண்ணிலும் வைத்தபடி நின்றுவிட்டார்.

"என்ன இது? சாவு வீடா?"

மெங் என்னைப் பார்த்தாள். நான் லுவோவிடம் சீன மொழியில் சொன்னேன். "ஆமா. லொம்பே மேடையில சொன்ன அதே கசோண்டே. அவ அண்ணன். உங்க உலையில செத்தவன். நீங்க துக்கத்துக்கு வந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அது போட்டிக்கு எழுதினது இல்லையா?" என்றார் லுவோ.

"இல்லை. அவ்வளவும் உண்மை."

லுவோவின் முகம் இறுகியது. கோபம் என்று சொல்ல மாட்டேன், அதில் பயம்தான் அதிகம். "அடுத்த வாரம் என் மகளுக்குக் கல்யாணம். ஊருக்குப் போறேன். நான் இப்ப சாவு வீட்டுக்குள்ள கால் வைக்கக்கூடாது" என்று மெங்கிடம் முணுமுணுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த விபத்துல செத்தவன் வீட்டுப் பொண்ணையா நம்ம செலவில அனுப்பறோம்? தலைமை அலுவலகத்துக்கு நான் என்ன சொல்றது?" என்றார். கால் மறுபடியும் வண்டிக்குள் போயிற்று.

மெங் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"புப்பே, நீங்க என்ன பண்ணிட்டீங்க? இவர் சரின்னாத்தான் அவ போக முடியும். வண்டி திரும்பினா அவ படிப்பும் போச்சு. உண்மைன்னா அதைச் சொல்ல ஒரு இடம் இருக்கு, என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

எங்களுக்குப் பின்னால் லொம்பே நின்றாள். அதே சிவப்பு உடை, படம் எடுப்பதற்காக அணிந்துவரச் சொல்லியிருந்தார்கள். கூடியிருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரில் நாங்கள் பேசியது புரிந்த ஒரே ஆள் அவள்தான். ஒரு சொல் விடாமல் புரிந்திருக்கும். அவளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அவள் வண்டிக்குப் பக்கத்தில் போய், நிலையத்தில் பழக்கியபடி இடுப்பை வளைத்து வணங்கினாள். சிரித்தாள்.

"லுவோ ஐயா, டீச்சர் விளையாடறாங்க. எனக்கு அண்ணன் இல்லை. அது போட்டிக்கு எழுதின கதைதான். பெரிய மனுஷங்க வீட்டுக்கு வந்தா அழுது வரவேற்கிறது எங்க ஊர்ப் பண்பாடு. தீயும் அதுக்குத்தான். வாங்க, வந்து உக்காருங்க."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எதைச் சொன்னாலும் அவள் தலையில்தான் விழும்.

லுவோ நம்பினாரா, நம்பிக்கொண்டால் நல்லது என்று முடிவு செய்தாரா, எனக்குத் தெரியாது. மெங் நம்பவில்லை. அவள் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தாள், குடிக்காமல் மறுபடியும் மூடினாள். லுவோ ஒரு பெருமூச்சு விட்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆசிரியை நல்லா பயமுறுத்திட்டீங்க" என்று என் தோளைத் தட்டினார். படம் எடுக்கிற ஆளிடம், "இந்த அழற வழக்கத்தை எடு, ரொம்ப அபூர்வம்" என்றார்.

அவர் இறங்கி வந்தார். பாஷி கசோண்டே பாயைக் காட்டினார். லுவோ செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். சாயவில்லை, ஒருக்களிக்கவில்லை, பழகியவர் போலக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தார். கொடுத்த களியை உருட்டிக் கீரையில் தோய்த்து ஒரு வாய் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டினார்.

பாஷி கசோண்டே நின்ற இடத்தில் மெதுவாகக் கீழே இறங்கி மண்ணில் மல்லாந்து படுத்தார். இடது பக்கம் புரண்டு கைகளைத் தட்டினார், வலது பக்கம் புரண்டு தட்டினார். அரசனுக்கு முன்னால் செய்கிற வணக்கம் அது. எங்கள் காலனியில் யாரும் யாருக்கும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அவர் கறுப்புக் கோட்டெல்லாம் செம்மண். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. வண்டிகளில் வந்தவர்கள் அவர் தட்டும் தாளத்துக்குச் சேர்ந்து தட்டினார்கள். லுவோவும் தட்டினார். படங்கள் எடுக்கப்பட்டன. பதாகையை விரித்து எல்லோரையும் நிற்கவைத்து இன்னும் எடுத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வெறும் தரையில் வைத்தார்கள்.

வண்டிகள் போன பிறகு பாஷி கசோண்டே ஒரு வாளித் தண்ணீரைத் தீயில் ஊற்றினார். ஆண்கள் தார்ப்பாயை விலக்கி ஊறிப்போன சோபாவைத் தூக்கினார்கள். பானா மும்பா இத்தனை மாதம் திட்டியதை எல்லாம் மறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நான் லொம்பேயை வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டி இப்படிச் சொன்னே?"

"அவர் திரும்பிப் போயிருந்தா என்ன டீச்சர் ஆகியிருக்கும்?" அவள் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். "அப்பா சாகற வரைக்கும் தீ பக்கத்திலயே உக்காந்திருப்பாரு. நான் பாயில உக்காந்திருப்பேன். இப்ப லுவோ வந்து உக்காந்துட்டாரு. நானும் போகப்போறேன். ரெண்டும் நடந்திருச்சு இல்ல?"

"உங்க அண்ணனுக்கு?"

அவள் சிவப்பு உடையின் கைப்பகுதியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. எனக்குத் திறந்த வாசல் இப்படி மூடப் பார்த்திருந்தால் அவளுடைய பத்தொன்பது வயதில் நானும் இதையேதான் செய்திருப்பேன் என்ற நினைப்பு என்னைப் போட்டு அரித்தது.

முற்றத்திலிருந்து அவள் அப்பா கூப்பிட்டார். போனோம். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார், கோட்டைக்கூடத் தட்டவில்லை. நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம் கண்டதில்லை. சுற்றிலும் ஆட்கள்.

"வண்டிக்குள்ள திரும்பி ஏறிட்டாரும்மா. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன், இதுவும் போச்சுன்னு நினைச்சேன். நீ ஏதோ சொன்னே. உடனே இறங்கி வந்து உக்காந்துட்டாரு. என்ன சொன்னே?"

லொம்பே என்னைப் பார்த்தாள்.

"கசோண்டே யாருன்னு சொன்னேன்ப்பா."

"நடுவுல சின்னதா ஒண்ணு சொன்னியே, அப்பத்தான் அவர் மூஞ்சி மாறிச்சு. இரு, இரு, எனக்கே வரும்." அவர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "வோ மேயோ கெகெ."

எனக்கு அண்ணன் இல்லை. லொம்பே சொன்ன அதே சொற்கள், ஏற்ற இறக்கம் இம்மியும் பிசகவில்லை.

"சரியா?"

"சரிப்பா" என்றாள் லொம்பே.

அவர் அதைப் பானா மும்பாவுக்குச் சொல்லிக்காட்டினார். அவளுக்கு வரவில்லை, மறுபடியும் சொல்லிக்கொடுத்தார். சோபா தூக்கிய ஆட்களுக்குச் சொன்னார். வாசலில் நின்ற பிள்ளைகள் பிடித்துக்கொண்டு ராகம் போட்டுக் கத்த ஆரம்பித்தார்கள். அவர் அவர்களைத் தடுக்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நாளைக்குச் சர்ச்சில் பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போய் இதை அவனிடமும் சொல்லிவிட்டு வரப்போகிறேன், நீங்களும் கூட வாருங்கள் டீச்சர் என்றார்.